சர்க்கரையின் சரித்திரம் – 12: அடையாளம் தவறிய காவலர்கள்

செஞ்சியிலிருந்து வடக்கே தேசூர்ப் பக்கம் போகிறவர்கள் சீயமங்கலத்தில் இறங்கித் தூணாண்டார் கோயிலைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் அது. லளிதாங்குரன் என்ற அவனுடைய பட்டப்பெயரையும், கோயிலுக்கு அவன் சூட்டிய அவனிபாஜன பல்லவேசுவரம் என்ற பெயரையும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. உள்ளே துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். பதினான்கு நூற்றாண்டாக அவர்களுக்கு ஒரே வேலை: வருகிறவர் நம்மவரா, அயலாரா என்று பார்ப்பது.

காவலின் கடினம் ஆயுதத்தில் இல்லை. ஆளை அடையாளம் காண்பதில் இருக்கிறது. கோல் ஓங்கத் தெரிந்தவன் எல்லாம் காவலன் ஆகிவிட மாட்டான். யார்மீது ஓங்கக் கூடாது என்று தெரிந்தவனே காவலன். நம் உடலுக்குள்ளும் அப்படி ஒரு காவற்படை உண்டு. அந்தப் படை வீட்டாளையே அயலான் என்று எண்ணிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த இதழின் கதை.

சென்ற இதழை 1936இல் நிறுத்தியிருந்தோம். லண்டன் மருத்துவர் ஹரோல்டு ஹிம்ஸ்வொர்த் நீரிழிவுக்காரர்களை இரண்டாகப் பிரித்தார். இன்சுலின் போட்டதும் சர்க்கரை மளமளவென்று இறங்குகிறவர்கள் ஒரு பக்கம்; போட்டும் எளிதில் இறங்காதவர்கள் மறு பக்கம். முதல் பக்கத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், மெலிந்தவர்கள். நேற்றுவரை ஓடி ஆடிய பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் கேட்கும். இரவில் படுக்கையை நனைக்கும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கும். சில வாரங்களில் எலும்பும் தோலுமாகும். இன்று இதை டைப் 1 நீரிழிவு என்கிறோம்.

பிள்ளைக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் நம் ஊர்த் தாய்மார் கேட்கும் முதல் கேள்வி, "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்பதுதான். மிட்டாய் வாங்கிக் கொடுத்ததா, கர்ப்பத்தில் எதையாவது தின்றதா, தாய்ப்பாலை முன்கூட்டி நிறுத்தியதா என்று அவள் தன்னையே குடைந்துகொள்வாள். அக்கம்பக்கமும் சும்மா இருக்காது. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல மருத்துவத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

ஷ்மிட் பார்த்ததும் உலகம் மறந்ததும்

1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் கணையத்துக்குள் கண்ட திட்டுகளை இந்தத் தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். ஆற்று நடுவே தெரியும் மணல்திட்டுபோல, செரிமான நீர் சுரக்கும் திசுவுக்கு நடுவே தனித்துத் தெரியும் சிறு கூட்டங்கள். ஒரு கணையத்தில் சுமார் பத்து லட்சம் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தாலும் எடை ஓரிரு கிராம்தான். அவற்றிலுள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன.

1902இல் ஜெர்மனியைச் சேர்ந்த நோய்க்கூறியலாளர் மார்ட்டின் ஷ்மிட், நீரிழிவால் இறந்த ஒரு குழந்தையின் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். திட்டுகளைச் சுற்றிச் சிறிய வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடந்தன. அவை லிம்போசைட்டுகள். ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. என்ன நடந்தது என்று சொல்ல அந்தக் காலத்தில் மொழியே இல்லை.

காரணம், அதற்கு முந்தைய ஆண்டுதான் பால் எர்லிக் ஒரு விதியை அறிவித்திருந்தார். ஓர் ஆட்டின் இரத்தத்தை இன்னோர் ஆட்டுக்குச் செலுத்தினால் அதன் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. தன் இரத்தத்தையே திரும்பச் செலுத்தினால் உண்டாவதில்லை. தன்னையே நஞ்சாக எண்ணித் தாக்க உடல் அஞ்சும் என்றார் எர்லிக். அந்த அச்சத்தைக் காக்கும் ஏற்பாடு ஏதோ ஒன்று உடலில் இருக்க வேண்டும், அது பழுதானால் ஆபத்து என்பதே அவர் கருத்து. பின்வந்தவர்களோ அதைச் சுருக்கி, உடல் தன்னைத் தாக்கவே தாக்காது என்று பாடமாக்கிவிட்டார்கள். ஷ்மிட் கண்ட காட்சி அந்தப் பாடத்துக்குள் அடங்கவில்லை. ஆகவே மறக்கப்பட்டது.

1922இல் இன்சுலின் வந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்த நன்மையே ஆராய்ச்சிக்கு ஒரு திரையாகவும் ஆனது. நோய் தொடங்கிய புதிதில் இறக்கும் பிள்ளைகள் குறைந்ததால், நோயின் தொடக்கத்தில் கணையம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பும் குறைந்தது. பல ஆண்டு இன்சுலினோடு வாழ்ந்து இறந்தவரின் கணையத்தில் பீட்டா செல்லும் இருக்காது, மொய்த்த வெள்ளணுக்களும் இருக்காது. தீ அணைந்து கூட்டமும் கலைந்த பிறகு வீட்டைப் பார்த்து யார் வைத்த தீ என்று கேட்பது போன்ற நிலை.

இந்தத் திரையை விலக்கியவர் பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் வில்லி கெப்ட்ஸ். நோய் தொடங்கிச் சிறிது காலத்திலேயே இறந்துபோன 22 இளம் நோயாளிகளின் கணையத் திசுக்களைத் தேடித் திரட்டி, 1965இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். அவர்களில் 15 பேரின் திட்டுகளில் வெள்ளணுக்கள் புகுந்திருந்தன. பீட்டா செல்களோ வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. தாகம் எடுத்த அன்று தொடங்கிய நோய் அல்ல இது. அதற்கு நெடுநாள் முன்பே சத்தமில்லாமல் நடந்துவந்த அழிவு என்பது அப்போதுதான் உறைத்தது.

தைமஸ் என்னும் திண்ணைப் பள்ளி

கெப்ட்ஸ் கண்ட வெள்ளணுக்கள் யார் என்று சொல்ல இன்னொரு கதை வேண்டும். மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. குழந்தையில் பெரிதாக இருந்து வயது ஏற ஏறச் சுருங்கிப்போகும். செத்துப்போன லிம்போசைட்டுகளின் சுடுகாடு என்றே அதைப் பலர் எண்ணியிருந்தார்கள்.

1961இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளம் ஆய்வாளர், பிறந்தவுடனே சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை அகற்றினார். அவர் தேடியது இரத்தப் புற்றுநோய்க்கான காரணத்தை. கிடைத்ததோ வேறு. அந்தக் குட்டிகள் தொற்றுகளைத் தாங்க முடியாமல் நலிந்தன. அயல் எலியின் தோலை ஒட்டினாலும் அவற்றின் உடல் மறுக்கவில்லை. தன் தோலாகவே ஏற்றுக்கொண்டது. ஆளை அடையாளம் காணும் படை அங்கேதான் பழகுகிறது என்பது விளங்கியது. 1968இல் மெல்போர்னில் கிரகாம் மிட்செலுடன் சேர்ந்து, லிம்போசைட்டுகள் இரண்டு வகை என்று மில்லர் காட்டினார். எதிர்ப்பொருள் செய்பவை பி செல்கள். தைமஸில் பழகி வருபவை, தைமஸின் ஆங்கில முதலெழுத்தைத் தாங்கிய டி செல்கள்.

அந்தப் பழக்கம் எப்படி நடக்கிறது என்பதைப் பிந்தைய ஆராய்ச்சிகள் விளக்கின. ஒவ்வொரு டி செல்லும் தன் மேற்பரப்பில் ஒரு தனி வாங்கியோடு பிறக்கிறது. மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப்போட்டுச் செய்த வாங்கி. அது எதைப் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நாளை எந்தக் கிருமி வருமோ தெரியாத உடலுக்கு அந்தக் குலுக்கல் வேண்டியிருக்கிறது. ஆனால் குலுக்கலில் சொந்த உடலையே பிடிக்கும் வாங்கிகளும் விழும். ஆகவே தைமஸ் ஒரு தேர்வு வைக்கிறது. உடலின் பல உறுப்புகளில் உண்டாகும் புரதங்களின் துணுக்குகளைத் தானே செய்து காட்டுகிறது. கணையத்தில் மட்டும் சுரக்க வேண்டிய இன்சுலினும் அங்கே சிறிதளவு உண்டாகிறது. அந்தச் சொந்தத் துணுக்கை இறுகப் பற்றும் டி செல் அங்கேயே அழிக்கப்படும். மற்றவைதான் இரத்தத்துக்குள் அனுப்பப்படும்.

இந்த இடத்தில்தான் மரபின் கை தெரிகிறது. இன்சுலின் மரபணுவின் ஒரு வடிவம் தைமஸில் அதிக இன்சுலினைக் காட்டச் செய்கிறது. அந்த வடிவம் உள்ளவர்களுக்கு டைப் 1 வரும் வாய்ப்புக் குறைவு. இன்னொரு வடிவம் குறைவாகக் காட்டுகிறது. அவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பாடம் தெளிவாக நடந்த அளவுக்குத்தான் பாதுகாப்பு.

இரண்டாவது மரபுத் தொடர்பு எச்எல்ஏ மரபணுக்கள். ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளைத் தட்டில் ஏந்தி வெளியே காட்டுகிறது. காவலுக்கு வரும் டி செல் அந்தத் தட்டைப் பார்த்துத்தான் ஆளை முடிவு செய்கிறது. அந்தத் தட்டைச் செய்பவை எச்எல்ஏ மரபணுக்கள். 1974இல் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹெர்ட்டியும் தட்டும் துணுக்கும் சேர்ந்தால்தான் டி செல்லுக்குக் கண் தெரியும் என்று காட்டினார்கள். 1996இல் அதற்கு நோபல் பரிசு பெற்றார்கள். அதே காலத்தில், சில வகை எச்எல்ஏ தட்டுகள் டைப் 1 நோயாளிகளிடம் அடிக்கடி தென்படுவதும் தெரியவந்தது.

ஆனால் மரபு மட்டுமே விதி அன்று. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை. இளமையில் வரும் சில குடல் வைரஸ் தொற்றுகள் தூண்டுகோலாகலாம் என்ற சந்தேகம் நெடுநாளாக உண்டு.

மூன்று சாட்சிகள்

மொய்த்துக்கொண்டிருந்தவர்களைக் கண்டோம். கொன்றவர்கள் அவர்கள்தான் என்று எப்படிச் சொல்வது? சாலை விபத்தைச் சுற்றி நிற்கும் கூட்டமெல்லாம் விபத்துக்குக் காரணமாகிவிடாதே.

தன்னுடல் தாக்கும் நோய் என்று ஒன்று உண்டு என்பது 1956இல் தைராய்டைக் கொண்டு முதலில் நிலைபெற்றது. அமெரிக்காவின் பஃபலோவில் நோயல் ரோஸும் எர்னஸ்ட் விடெப்ஸ்கியும் முயலுக்கு அதன் சொந்தத் தைராய்டுச் சாற்றைக் கொண்டே அந்த நோயை வரவழைத்தார்கள். அதே ஆண்டு லண்டனில் டெபோரா டோனியாக்கும் ஐவன் ராய்ட்டும் மனிதரிடம் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டார்கள். அதே டோனியாக்கும் ஜியான் ஃபிராங்கோ பொட்டாட்சோவும் 1974இல் கணையத் திட்டுகளுக்கு எதிரான எதிர்ப்பொருளையும் நோயாளிகளின் இரத்தத்தில் கண்டார்கள். குற்றவாளி எதிர்ப்பொருளா, டி செல்லா என்ற வழக்கு தொடங்கியது.

முதல் சாட்சி அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் டேவிட் சதர்லாண்ட் என்ற அறுவை மருத்துவர், பல ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்ந்தவர்களுக்கு அவர்களுடைய உருவொத்த இரட்டையரின் கணையத் துண்டைப் பொருத்தினார். ஒரே மரபுடல், உறுப்பை உடல் மறுக்கக் காரணம் இல்லை. மறுக்கவும் இல்லை. கணையம் உயிரோடு இருந்தது, ஆனால் நீரிழிவு திரும்பி வந்தது. திசுவை எடுத்துப் பார்த்தால் திட்டுகளில் டி செல்கள். பீட்டா செல்கள் மட்டும் அழிந்திருந்தன, பக்கத்திலேயே இருந்த மற்ற செல்களுக்கு ஒரு கீறலும் இல்லை. முதல்முறை வர ஆண்டுகள் பிடித்த நோய் இம்முறை சில வாரங்களில் நடந்து முடிந்தது. டி செல்களுக்கு நினைவு உண்டு. பழைய பகையை அவை மறக்கவில்லை.

இரண்டாவது சாட்சி ஒரு மருந்து. டி செல்களை அடக்கும் சைக்ளோஸ்போரினை 1980களில் கனடாவிலும் பிரான்சிலும் புதிய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு இன்சுலின் ஊசியே தேவைப்படாத காலம் வாய்த்தது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அந்த மருந்தைப் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுக்கக் கொடுக்க முடியாது. ஆனால் அடக்கப்பட்டது டி செல், அடங்கியது நோய் என்ற உண்மை மிஞ்சியது.

மூன்றாவது சாட்சி 2001இல் மருத்துவ இதழொன்றில் பதிவான ஒரு சிறுவன். பிறவிக் குறையால் அவன் உடலில் பி செல்களே இல்லை. எதிர்ப்பொருள் செய்ய வழியில்லை. அவனுக்கும் டைப் 1 வந்தது. எதிர்ப்பொருள் இல்லாமலே இந்த நோய் வரும் என்று அவன் உடல் சொல்லிவிட்டது. எதிர்ப்பொருள் புகை, எரிவது டி செல்களால். புகையும் பயனற்றதல்ல. எங்கோ எரிகிறது என்று காட்டிக் கொடுப்பது அதுதான். இன்றும் ஜிஏடி போன்ற எதிர்ப்பொருள்களை இரத்தத்தில் சோதித்தே டைப் 1 என்று உறுதி செய்கிறார்கள்.

இந்தச் சான்றுகளை ஒன்றாகக் கோத்தவர் ஜார்ஜ் ஐசன்பார்த். மரபு, தூண்டுகோல், சத்தமில்லாத அழிவு, பெரும்பங்கு பீட்டா செல்கள் போன பிறகு தாகம் என்று 1986இல் அவர் வரைந்த வரிசைதான் இன்றும் மருத்துவ மாணவர்களின் பாடம்.

அழிவு நடக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். டி செல்களில் சிடி4 என்ற வகை ஏவும் வகை. சிடி8 கொல்லும் வகை. பீட்டா செல் தன் தட்டில் இன்சுலின் துணுக்கை ஏந்தி நிற்கிறது. அது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அத்தாட்சி அந்தத் துணுக்கு. அதையே பகைவனின் அடையாளமாகப் படித்துவிடும் சிடி8 செல், பீட்டா செல்லின் தோலில் துளையிட்டு, அது தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளச் செய்யும் நொதிகளை உள்ளே செலுத்துகிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்று நம்மவர்கள் சொல்வார்கள். அந்தப் பழமொழியில் வேலி துரோகி. டி செல் துரோகம் செய்யவில்லை. தன் கடமையை ஆள் மாறிச் செய்கிறது.

காவலருக்கும் காவல்

பிறந்தவுடனே தைமஸை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போகிறது என்றார் மில்லர். 1969இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிறந்து மூன்று நாள் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். சுண்டெலியின் எதிர்ப்புச் சக்தி போகவில்லை. தன் உறுப்பையே தாக்கத் தொடங்கியது. அப்படியானால் அந்த மூன்று நாளுக்குப் பிறகு தைமஸிலிருந்து ஏதோ அடக்கும் சக்தி வெளியேற வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஷிமோன் சகாகுச்சி. அடக்கும் டி செல்கள் என்ற கருத்தே மதிப்பிழந்து கிடந்த காலத்திலும் அவர் தளரவில்லை. 1995இல் அந்தச் செல்களை அடையாளத்தோடு காட்டினார். இன்று அவற்றை நெறிப்படுத்தும் டி செல்கள் என்கிறோம்.

2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நெறிப்படுத்தும் செல்கள் உருவாக அது வேண்டும் என்று பின்னர் தெளிவானது. அந்த மரபணு பழுதான ஆண் குழந்தைகளில் பலருக்குப் பிறந்த சில வாரங்களிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. தைமஸின் தேர்வில் தப்பித்து வரும் தவறான டி செல்கள் நம் எல்லோர் உடலிலும் இருக்கின்றன. அவற்றை அடக்கிவைப்பவை இந்தச் செல்கள். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இந்த மூவருக்கும் கிடைத்தது. உடலில் ஏதோ ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று எர்லிக் ஊகித்து 124 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் மண்ணின் கேள்வி

இங்கே நம் ஊருக்குத் திரும்ப வேண்டும். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நாட்டின் முதல் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். பின்னர் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே மருத்துவமனையும் எழுப்பினார். அந்தக் காலத்தில் வெப்ப நாடுகளின் மருத்துவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்த மெலிந்த இளம் நோயாளிகளில் சிலர், மேலைநாட்டுப் பாடப்புத்தகம் சொன்னபடி நடக்கவில்லை. சர்க்கரை உச்சத்தில் இருக்கும், உடல் ஒட்டிப்போயிருக்கும். ஆனாலும் இன்சுலின் இல்லாத டைப் 1 பிள்ளையைப்போல இரத்தத்தில் அமிலம் ஏறி மயங்கிவிழ மாட்டார்கள். 1955இலேயே ஜமைக்காவில் இத்தகையவர்களை ஹியூ-ஜோன்ஸ் பதிவு செய்திருந்தார். ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு என்று 1985இல் உலக சுகாதார நிறுவனம் இதற்குத் தனி இடம் கொடுத்தது. 1999இல் போதிய சான்று இல்லை என்று எடுத்துவிட்டது.

விட்டுவிடாமல் தொடர்ந்தவர்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நிஹால் தாமஸ் முக்கியமானவர். நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸுடன் சேர்ந்து, மெலிந்த இளைஞர்களை வேலூரில் நுணுக்கமாகச் சோதித்து 2022இல் முடிவுகளை வெளியிட்டார். இன்சுலின் குறைவு, ஆனால் அடியோடு வற்றவில்லை. உடல் இன்சுலினை எதிர்க்கவும் இல்லை. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை டைப் 5 என்று ஏற்றுக்கொண்டது.

இந்த நோயில் டி செல்கள்மீது குற்றமில்லை. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் பட்ட பசியால் கணையமே போதிய அளவு வளராமல் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தாது வருடப் பஞ்சத்தைக் கண்ட ஆற்காட்டுச் சீமையில் பிறந்த நமக்கு இது வெறும் வகைப்பாடாகத் தோன்றாது. வேலூர் வாசலில் வந்து நிற்கும் இரண்டு ஒல்லிப் பையன்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பார்கள். ஒருவனைத் தன் காவலரே தாக்கினார்கள். மற்றவனுக்குக் கோட்டையே முழுதாகக் கட்டப்படவில்லை. முதல் பையனுக்கு ஒரு நாள் இன்சுலின் நின்றாலும் உயிருக்கு ஆபத்து. இரண்டாமவனுக்கு அதே அளவு இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி உயிர் போகலாம். அடையாளம் தவறுவது டி செல்லுக்கு மட்டும் நேரும் பிழை அல்ல. சோதிக்காமல் முடிவு செய்யும் மருத்துவத்துக்கும் நேரும்.

இரண்டு ஆண்டு

டி செல்லின் மேலுள்ள சிடி3 என்ற மூலக்கூறைப் பற்றிக்கொண்டு, அந்தச் செல்லின் வேகத்தைத் தணிக்கும் மருந்து டெப்லிசுமாப். எதிர்ப்பொருள்கள் தென்பட்டு, சர்க்கரையும் தடுமாறத் தொடங்கி, நோய் இன்னும் வெளிப்படாத 76 பேரிடம் இதைச் சோதித்து 2019இல் கெவன் ஹெரால்டு குழுவினர் முடிவு சொன்னார்கள். பதினான்கு நாள் மருந்து, நோயை நடுமதிப்பில் இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது. 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது. நூறு ஆண்டுக்கு முன் இன்சுலின் விளைவைச் சரிசெய்தது. காரணத்தின் மேலேயே கை வைக்க அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான். 2022இல் அறிமுகமானபோது அதன் விலை ஏறத்தாழ 1,94,000 டாலர். சீயமங்கலத்துக் குடும்பம் ஒன்று எட்டிப்பிடிக்கக்கூடிய தொகை அல்ல. இன்சுலின் ஏழைக்கும் வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்று இந்தத் தொடரில் பார்த்திருக்கிறோம். இந்த மருந்துக்கு அத்தனை காலம் ஆகக் கூடாது.

அதுவரை நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். பிள்ளைக்கு அடங்காத தாகம், திடீர் மெலிவு, விட்டுப்போன படுக்கை நனைப்பு மீண்டும் வருவது, காரணமில்லாத வாந்தியும் வயிற்றுவலியும் என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல்நுனி இரத்தத்தைச் சோதியுங்கள். ஒரு துளி போதும். இன்சுலினை நிறுத்திவிட்டு வேறு மருந்து பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் இன்சுலின் புட்டியைக் குளிர்ச்சியாகக் காக்கலாம். எத்தனையோ வீடுகள் அப்படித்தான் காக்கின்றன.

அந்தத் தாயின் கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம். அம்மா, நீங்கள் வாங்கிக் கொடுத்த மிட்டாய் இதைச் செய்யவில்லை. உங்கள் பாலும் செய்யவில்லை, எந்தத் தோஷமும் செய்யவில்லை. உங்கள் பிள்ளையைக் காக்கப் பிறந்த படை, அவனுடைய கணையத்தில் இருந்த ஓரிரு கிராம் நல்ல செல்களை ஆள் தெரியாமல் தாக்கிவிட்டது. 1902இல் ஷ்மிட் பார்த்த அந்தக் குழந்தையின் தாய்க்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. உங்களுக்குச் சொல்ல முடிகிறது.

(அடுத்த இதழில்: பன்றியின் கணையத்திலிருந்து எடுத்துவந்த இன்சுலின், பாக்டீரியாவின் உடலில் விளையத் தொடங்கிய கதை.)